முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வந்த பத்திரிகை

ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் பத்திரிகை தொடங்கினேன். முதல் இதழின் முதல் பக்கத்தில் வேறு காரணம் எழுதியிருந்தேன். கைத்தொழிலாளர்களின் திறமையை நாடறியச் செய்வது, அது இது என்று பக்கம் முழுக்க. அதுவும் பொய்யில்லை. ஆனால் பிறகு சேர்ந்துகொண்ட காரணம் அது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சராக இருந்தேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே டைபாய்டு வந்து கணவர் போய்விட்டார். லால்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தவளை டிரெயினிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டதும் அவர்தான். வேலை கிடைத்ததும் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாள் வைஷ்ணவர். கோயிலுக்குப் போவதும் வருவதுமாக இருப்பார். என்னைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார். முதல் வருஷம் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வருஷம், யாராவது எதையாவது கேட்டால் தேவலை என்று ஆகிவிட்டது.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். காலையில் பஸ் பிடித்து சத்திரம் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் பள்ளிக்கூடம். தக்ளியில் நூல் நூற்பது, பாய் முடைவது, காகிதப் பூ செய்வது என்று மணி அடிக்கும்வரை பெண்களின் சத்தம் காதில் இருக்கும். சனிக்கிழமை துணி துவைத்து, அரிசி புடைத்து முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் செய்ய ஒன்றும் இருக்காது.

ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, பாய் முடைகிறவர்கள் இப்படித்தான் கோரையைப் பிடிப்பார்களா என்று கேட்டாள். நான் பாய் முடைகிறவர் எவரையும் பார்த்ததில்லை. டிரெயினிங்கில் கொடுத்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பாய் முடைகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனேன். புத்தகம் தப்பு. திங்கட்கிழமை வகுப்பில் அதையும் சொன்னேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது போக ஆரம்பித்தேன். உறையூர்த் தறிகள், சுருட்டு சுற்றுகிற இடம், மலைக்கோட்டைக்குக் கீழே நகை வேலை செய்கிற சந்துகள். ஒரு நோட்டில் அவர்களுடைய கைகளை வரைந்துகொள்வேன். சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வேன். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. நகை வேலை செய்கிற ஒருவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்கு மேல வாங்கம்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில்தான் புது வேலை தொடங்கியிருந்தார். அப்போது எதிரே ஒரு விதவை வந்து நின்றால் அவருக்குச் சங்கடம். நான் தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு மூன்று தடவை நடந்துவிட்டு மத்தியானம் திரும்பிப் போனேன். அதன்பிறகு எங்கே போனாலும் மத்தியானத்துக்கு மேல் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நோட்டு மூன்றாகிவிட்டது. அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா நோட்டீஸ் அடிக்க ஒரு பிரஸ்ஸுக்குப் போகவேண்டியிருந்தது. அதுவும் மலைக்கோட்டைக்குக் கீழேதான், பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் இருந்தது. பிரஸ்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர், காது மந்தம். நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஜையில் கிடந்த என் நோட்டை எடுத்துப் புரட்டினார். நான் முடித்த பிறகும் அவர் வைக்கவில்லை.

"இதை அச்சுல போடலாமே" என்றார்.

யார் படிப்பார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கக் கேட்டேன். அது தெரியாது என்றார். பழைய காலத்துப் பெருமையா எழுதப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார். இல்லை, இன்றைக்கு யார் என்ன வேலை செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், அது மட்டும்தான் என்றேன். அப்படியானால் சரி என்றார். அவருடைய பிழைப்பு கல்யாணப் பத்திரிகை அடிப்பது. முகூர்த்த நாட்களில் மூச்சுவிட நேரமிருக்காது. கல்யாணம் இல்லாத மாதங்களில் மெஷின் சும்மாதான் கிடக்கிறது, அப்போது அடித்துத் தருகிறேன் என்றார். இப்படியாக என் பத்திரிகை ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் வருவது என்று முடிவாயிற்று.

தலைமை ஆசிரியை அனுமதி கொடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அரசியல் எழுதக்கூடாது, பள்ளிக்கூடத்தின் பெயர் எங்கும் வரக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். பிரஸ்காரர் என்னோடு கோர்ட்டுக்கு வந்து மாஜிஸ்திரேட் முன்னால் டிக்ளரேஷன் கையெழுத்துப் போட்டார். பத்திரிகைக்கு நான் வைத்த பெயரைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெயரை முழுதாகக் கோக்க அவரிடம் பெரிய எழுத்து போதவில்லை. கடைசி எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டார்.

போட்டோ போட வேண்டுமானால் மெட்ராஸுக்கு அனுப்பி பிளாக் செய்யவேண்டும். அது நமக்குக் கட்டாது என்றார். யாரோ ஆபீஸ் தரைக்குப் போட்டு மிஞ்சிய லினோலியம் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, இதில் செதுக்கினால் மை ஏறும் என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அறை வாசலில் வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்து செதுக்குவேன். இடது வலது மாறி வரும் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. முதல் இதழில் உறையூர் நெசவாளர் இடது கைக்காரராக இருக்கிறார்.

அந்த இதழை சத்திரம் ஸ்டாண்டில் ஒரு புத்தகக் கடையில் தொங்கவிட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் ஒருவர் அதைக் கையில் எடுத்தார். வெயில் இன்னும் தணியவில்லை. இரண்டு பக்கம் புரட்டினார், பிறகு மடித்து விசிறிக்கொண்டார், பஸ் வந்ததும் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு ஏறிப் போனார். பிரஸ்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அறைக்கு வந்தபிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

நாலாவது இதழுக்குக் கல் வேலையைப் பற்றி எழுதலாம் என்று பாலக்கரைக்கு அப்பால் ஒரு சந்துக்குப் போனேன். அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு கல் பட்டறைதான். செய்கல், அதாவது உலையில் உருக்கிச் செய்த செயற்கைக் கல், வெளிநாட்டிலிருந்து கட்டியாக வரும். அதை உடைத்து, ஒவ்வொரு துண்டையும் அரக்கு வைத்து ஒரு குச்சி முனையில் ஒட்டி, சுற்றுகிற தட்டில் பிடித்துப் பட்டை பட்டையாகத் தேய்ப்பார்கள். தோட்டிலும் மூக்குத்தியிலும் மின்னுவது அதுதான். வெளியூர்க்காரர்கள் திருச்சி வைரம் என்பார்கள். நான் போன பட்டறையில் ஆறேழு பேர் வேலை செய்தார்கள். ஒருத்தி மட்டும் பெண். அவள் புருஷனும் பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தான். யாருடைய கையை வரைவது என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் யோசிக்காமல் அவளைக் காட்டினார்.

அவளுக்கு என் வயதுதான். நான் லால்குடிப் பக்கம் என்றதும், அவளும் அந்தப் பக்கம்தான், எங்கள் ஊரிலிருந்து இரண்டு மூன்று ஊர் தள்ளி என்று தெரிந்தது. அவள் அப்பா இன்னும் அங்கே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை வரைவது சுலபமாக இல்லை. வலது கை இழுத்து இழுத்துத் தட்டைச் சுழற்றும், இடது கை குச்சியைப் பிடித்திருக்கும். ஒரு நிமிஷமும் நிற்காது. ஒரு பட்டை முடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். சத்தம் மாறும் என்றாள். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன், எனக்கு ஒன்றும் மாறவில்லை. இன்னும் நாலு ஞாயிறு வந்தால் கேட்கும் என்றாள்.

நாலு ஞாயிறு போனேன். பிறகு வரைவதற்கு ஒன்றும் பாக்கியில்லாதபோதும் போனேன். அந்தப் பட்டறைக்கு அமாவாசைதான் லீவு, ஞாயிறு கிடையாது. மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவேன். எனக்கும் சேர்த்துக் கொண்டுவர ஆரம்பித்திருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் முனிசிபல் ஸ்கூலில் படித்தார்கள். பெரியவளின் ஸ்லேட்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் எழுத்து சொல்லித்தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். கண்ணை அதற்கு வேறு செலவு பண்ண முடியாது என்றாள்.

ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் ஏதோ மாறிப்போய் எனக்குக் காலையில் மட்டும்தான் நேரம் கிடைத்தது. பட்டறை வாசலுக்குப் போனபிறகுதான் கவனித்தேன். அன்றைக்குப் புதுக் கட்டி வந்திருந்தது. சாம்பிராணி போட்டு, தட்டுகளுக்குக் குங்குமம் வைத்து, முதல் கல்லை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். பிறகு வருகிறேன் என்று சைகை காட்டித் திரும்பினேன்.

"எங்க போறீங்க டீச்சர்? உள்ள வாங்க" என்றாள்.

புது வேலையாக இருக்கிறது, மத்தியானம் வருகிறேன் என்றேன். பட்டறையில் மற்றவர்கள் யாரும் நிமிரவில்லை. அவள் கையிலிருந்த குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "கல்லுக்கு அதெல்லாம் தெரியாது. வந்து உக்காருங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் தேய்க்க ஆரம்பித்தாள். நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தேன், எதையும் வரையவில்லை.

கட்டுரையை நல்ல செந்தமிழில் எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் பட்டறையில் படித்துக் காட்டினேன். எல்லாக் கட்டுரையையும் சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக்காட்டுவது என் வழக்கம். அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கம் முடிவதற்குள் அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நங்கைன்னா யாரு டீச்சர்?"

"நீங்கதான்."

பட்டறையே சிரித்தது. அவள் புருஷன் அன்று முழுக்க அவளை நங்கை என்றே கூப்பிட்டான். அவள் சிரிக்கவில்லை. நான் மூணு மாசமா உங்ககிட்ட எவ்வளவோ பேசியிருக்கேன், அதுல ஒண்ணுகூட இதில் வரலியே என்றாள். அறைக்கு வந்து அத்தனையையும் கிழித்துப்போட்டேன். அவள் பேசியது பேசியபடி, சத்தம் மாறுவது, மூச்சைப் பிடிப்பது, சாயங்காலம் கண்ணில் தண்ணீர் வருவது, ஒரு கல் உடைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காதது, எல்லாவற்றையும் அவள் வார்த்தையிலேயே எழுதினேன். மறுபடி படித்தபோது அவள் தலையை ஆட்டினாள். பெயர் மட்டும் வேண்டாம், வேலையைப் போடுங்கள் போதும் என்றாள். அப்படியே ஒரு பெண் என்று மட்டும் போட்டேன். பட்டறையின் பெயரும் சந்தின் பெயரும் கூடப் போடவில்லை.

நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். மெட்ராஸிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை அதை அனுமதி கேட்டு எடுத்துப் போட்டது. பிரஸ்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். கடைக்காரர் அடுத்த இதழைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரஸ்காரர் ஆளனுப்பினார். போனபோது அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல வெள்ளை உடுப்பு. தமிழர்தான், பம்பாயில் கல் வியாபாரம். அந்த வாரப் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்திருந்தார். இதில் வருகிற பெண் நிஜமாகவே இருக்கிறாரா, நீங்கள் கற்பனையாக எழுதியதா என்று முதலில் கேட்டார். இருக்கிறார் என்றேன். அங்கே புதுப் பட்டறை வைக்கிறாராம். நுணுக்கமான வேலை செய்யவும், சேர்க்கிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கைதேர்ந்த ஒரு ஆள் வேண்டும். புருஷனுக்கும் வேலை தருவார், குடியிருக்க இடமும் உண்டு, பிள்ளைகளைத் தமிழ் ஸ்கூலில் சேர்க்கலாம். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன், வருகிற வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் போகிறேன், அதற்குள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவர் பேச்சு மரியாதையாக இருந்தது. ஏமாற்றுகிற ஆளாகத் தெரியவில்லை.

அந்தப் பெண் யார் என்பது பிரஸ்காரருக்குக்கூடத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சந்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதில் ஓட்டிக்கொண்டே போனேன். அவள் தூக்கைத் திறந்து எலுமிச்சஞ்சாதத்தை இரண்டாகப் பிரித்தாள். சின்னப் பெண்ணுக்குக் காதில் சீழ் வடிகிறது என்றாள். நான் அதற்கு மருந்து சொன்னேன். சாப்பிட்டோம். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சொல்லவில்லை. மறந்துபோயிற்று என்று யாரிடமும் நான் சொல்ல முடியாது. பஸ்ஸில் காவேரிப் பாலம் வந்தபோது, இவள் போய்விட்டால் அடுத்த ஞாயிறு நான் எங்கே போவேன் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அவளுக்கு இந்த ஊர்தான் நல்லது, பம்பாயில் பாஷை தெரியாமல் திண்டாடுவாள் என்றெல்லாம் காரணங்களை அறைக்குப் போனபிறகுதான் சேர்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பிரஸ்காரர் வழியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

தெருவில் நின்று உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பொய்யை நான் சொன்ன சத்தத்துக்குப் பாத்திரக்கடையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை வகுப்பில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியட் லீவு சொல்லிவிட்டு நேரே சந்துக்குப் போனேன். வார நாளில் என்னைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள், ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். அவளையும் அவள் புருஷனையும் வெளியே கூப்பிட்டு வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வியாபாரி நாளைக்கே கிளம்புகிறார் என்பதையும் சொன்னேன்.

"என்னைக்கு வந்தாரு அவரு?" என்று அவள் கேட்டாள்.

"போன வெள்ளிக்கிழமை."

அவள் புருஷன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, பம்பாய் என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டான். அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததை அவள் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு நாள் இருந்திருந்தா ஊருக்குப் போய் அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு, அந்த ஊரில் மழை அதிகமாமே, அப்படியா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே அவர்களை லாட்ஜுக்கு அழைத்துப்போனேன். வியாபாரி ஒரு கல்லைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பட்டையில் தப்பு இருக்கிறது என்று சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். பதினைந்து நாளில் கிளம்பிவருவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். அப்பாவிடம் கேட்காமல் ஒத்துக்கொண்டதுதான். பிறகு போய்ச் சொன்னபோது அவர் சாப்பிடாமல் எழுந்து வயலுக்குப் போய்விட்டாராம். இதை அவள் புருஷன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஜங்ஷனுக்கு நான் வழியனுப்பப் போனேன். பட்டறையே வந்திருந்தது. பெண்கள் இரண்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் எல்லோரிடமும் போய்ட்டு வரேன் என்று சொன்னாள், என்னிடமும் சொன்னாள். எல்லோரிடமும் சொன்னதைப் போலவே இருந்தது. ஒருவேளை எனக்குத்தான் அப்படிப் பட்டதோ என்னவோ.

பத்திரிகை நிற்கவில்லை. அதன்பிறகும் ஐந்தாறு வருஷம், கல்யாணமில்லாத மாதங்களில் வந்தது. மண்பாண்டம், நெட்டி வேலை, கோயிலுக்குப் பூ கட்டுகிறவர்கள், வண்டிச் சக்கரம் செய்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பற்றி எழுதினேன். படங்களில் எல்லோரும் வலது கைக்காரர்களாகவே வந்தார்கள். சந்தா கட்டுகிற ஆட்களும் கொஞ்சம் சேர்ந்தார்கள். ஆனால் எந்தப் பட்டறையிலும் வேலை முடிந்தபிறகு நான் உட்காரவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டு, வரையவேண்டியதை வரைந்து, எழுந்துவிடுவேன்.

அவளிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் மாதம் முதல் கடிதம். பக்கத்து வீட்டில் யாரோ எழுதியது. 'இவ்விடம் நலம், அவ்விடம் தங்கள் நலத்தை அறிய ஆவலாய் இருக்கிறோம்' என்று தொடங்கி, குழந்தைகள் க்ஷேமம், வேலை திருப்தி, மழை அதிகம் என்று முடிந்தது. அவள் குரல் அதில் எங்கேயும் இல்லை. அவள் பேசுவது எனக்கு வரிக்கு வரி தெரியும், எழுதிப் பழகியவள் நான். அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்தும் அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் சொல்லவில்லை என்பதை எழுத வேண்டும். ஒரு பாரா எழுதியபிறகுதான் தோன்றியது, இதை அவள் படிக்கப்போவதில்லை, யாரோ படித்துக் காட்டப்போகிறார்கள் என்பது. முன்பின் தெரியாத ஒருவர், அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் நிற்க, என் தனிமையைச் சத்தம்போட்டுப் படிப்பார். காகிதத்தை மடித்துவிட்டு வேறு எடுத்தேன். இவ்விடம் நலம் என்று எழுதினேன். நாங்கள் இருவரும் இரண்டு மூன்று வருஷம் இப்படி நலம் விசாரித்துக்கொண்டோம். அப்புறம் பொங்கலுக்கு மட்டும் ஒரு கார்டு. அப்புறம் அதுவும் இல்லை.

பிரஸ்காரருக்குக் காலில் வாதம் வந்தது. மிதிக்க முடியாமல் மெஷினை விற்றார். வேறு பிரஸ்ஸில் போய்க் கேட்கலாம் என்று அவரே சொன்னார். நான் போகவில்லை. கடைசி இதழ் ஒரு மார்கழியில் வந்தது. அதுதான் கடைசி என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் எழுதவும் இல்லை.

அவள் போய் எட்டு வருஷம் இருக்கும். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே சொன்னார். "பம்பாய்லேர்ந்து ஒருத்தி வந்திருந்தா. உங்களைக் கேட்டு ரொம்ப நாழி உக்காந்திருந்தா. தோப்பனார் தவறிட்டாராம்." சனிக்கிழமை கருமாதி, முடிந்தால் வரச் சொன்னாள் என்று ஊர்ப் பெயரையும் சொன்னார்.

சனிக்கிழமை காலை ரயிலில் லால்குடிக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் அந்த ஊருக்குப் போனேன். வீடு நிறைய ஜனம். அவள் பெருத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொல்லைப்பக்கம் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. கண் மங்கிவிட்டது, இப்போது தேய்ப்பதில்லை, இருபது பெண்களை வைத்து வேலை வாங்குகிறேன் என்றாள். அவர்களிடம் இந்தியில்தான் பேசவேண்டும் என்றாள். பெரியவள் மெட்ரிக் முடிக்கப்போகிறாளாம். பத்திரிகை வருகிறதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றேன்.

இப்போது விட்டால் இனி நடக்காது என்று தெரிந்தது. எட்டு வருஷம் சொல்லாததை அங்கே நின்று சொன்னேன். "அப்பாகிட்ட கேக்க முடியாம போனது என்னாலதான். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். நீங்க போயிடுவீங்கன்னுதான் சொல்லல."

அவள் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"எந்த ஞாயித்துக்கிழமை டீச்சர்?"

சொன்னேன். எலுமிச்சஞ்சாதத்தையும் சொன்னேன். அவளுக்கு நினைவு வரவில்லை. "அப்பாவா? அவரு மறுவருஷமே பம்பாய் வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போனாரே. கடலைப் பாத்ததும் ஊருக்குத் திரும்ப மாட்டேன்னுட்டாரு. அதையா இவ்வளவு நாளா வச்சிருந்தீங்க?" என்று என் தோளைத் தொட்டாள். யாரோ உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பந்தி போட்டுவிட்டார்கள், சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட்டேன். அவள் பந்தி விசாரித்துக்கொண்டு என் இலைப்பக்கமும் வந்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். கிளம்பும்போது உறவுக்காரர்கள் சூழ நின்றிருந்ததால் தூரத்திலிருந்தே தலையை அசைத்தேன். அவளும் அசைத்தாள்.

திரும்பி வரும் ரயிலில் பக்கத்தில் ஒரு பெண் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். கருமாதிக்கு என்றேன்.

"சொந்தமா?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அவள் கூடையை நகர்த்தி, காலை நீட்டிக்கொள்ள எனக்கு இடம் கொடுத்தாள். ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. ஆற்றில் அங்கங்கே கொஞ்சம் தண்ணீர் இருந்தது, மற்றதெல்லாம் மணல்.